கன்னிவாடிக்கு மாட்டிய குட்டை ஏரியல்

எங்கள் ஊர் ஆட்டோ எலக்ட்ரீஷியன்கள் சங்கத்து ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று செயலாளர் தம்பி என்னை இரண்டு மாதமாக விரட்டிக்கொண்டிருந்தார். நான் பிடி கொடுக்கவில்லை. கார் கூரைக்குள் ஒயர் இழுத்தே காலம் தள்ளியவன் பேனாவைப் பிடித்து என்னத்தைக் கிழிக்கப் போகிறேன் என்றுதான் இருந்தேன். போன வாரம் வேறொரு தம்பி போன் செய்தார். திண்டுக்கல்லில் ஒரு கார் ஷோரூமின் சர்வீஸ் பிரிவில் இருப்பவர். முன்பு என்னோடு இரண்டு வருடம் வேலை பார்த்தவர்.

"அண்ணே, ஒரு கஸ்டமர் கூரை ஏரியல எடுத்துட்டு வெரக்கட நீளத்துல குட்டையா ஒண்ணு போடச் சொல்றாரு. ஆன்லைன்ல அவரே வாங்கிட்டும் வந்துட்டாரு. போட்டா ரேடியோ எடுக்குமா?"

எங்கே நின்று கேட்பாராம் என்று நான் திருப்பிக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "கார்ல உக்காந்துதாண்ணே கேப்பாரு" என்றார். ஷோரூம் குளிர்சாதனக் காற்று பட்டால் இந்த மாதிரி பதில்தான் வரும். அந்தக் கேள்வி என்னுடையது அல்ல, எனக்குத் தொழில் கற்றுத் தந்த கனி பாயுடையது. அதன் அர்த்தம் தெரிய வேண்டும் என்றால் கன்னிவாடி வேலுச்சாமி கதையைச் சொல்ல வேண்டும். போனில் சொல்லக்கூடிய கதை இல்லை அது. அதனால் செயலாளர் தம்பிக்கு இந்தக் கட்டுரை கிடைத்தது.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பத்தாவது முடித்தேன். ஒயர்மேன் படித்தேன். மேட்டுப்பட்டி தேவாலயப் பங்கில் இருந்த என் பெரியப்பா, சும்மா கோயில் வாசலில் நிற்கிறானே என்று என்னைக் கொண்டுபோய்க் கனி பாய் பட்டறையில் விட்டார். முதல் வருடம் டார்ச் பிடித்தேன். இரண்டாம் வருடம் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றினேன். அதற்குப் பிறகு ஒரு நாள் ஒரு லாரியின் ஹார்ன் ஒயரை என் கையில் கொடுத்துவிட்டு அவர் சாப்பிடப் போய்விட்டார். திரும்பி வந்தபோது ஹார்ன் அடித்தது. ஒன்றும் சொல்லாமல் அடுத்த வண்டியைக் காட்டினார். தொழில் பழகியாகிவிட்டது என்பதற்கு அவர் தந்த சான்றிதழ் அவ்வளவுதான்.

கனி ராவுத்தர் என்பது முழுப்பெயர். ஊருக்கு அவர் கனி பாய். ஒல்லியான ஆள், வெள்ளைச் சட்டைதான் போடுவார். ஆட்டோ எலக்ட்ரீஷியன் வெள்ளைச் சட்டை போடுவதை நான் அவரிடம் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். கறை பட்டால் தெரிய வேண்டும், தெரிந்தால்தான் கை கவனமாக இருக்கும் என்பார். சின்ன வயதில் ஒரு டெண்டு சினிமாக் கொட்டகையின் ஜெனரேட்டர் பக்கத்திலேயே கிடந்ததில் அவருக்கு இடது காது போய்விட்டது. வலது காது மட்டும்தான். பேசுகிறவரைப் பார்த்து வலது தோளைத் திருப்பிக்கொண்டு நிற்பார். புதிதாக வருகிறவர்கள் பாய் நம்மை மதிக்காமல் முகத்தைத் திருப்புகிறார் என்று கோபித்துக்கொள்வார்கள். அவர் யாரையும் அதட்டி நான் கேட்டதில்லை. வேலை பிடிக்கவில்லை என்றால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். நாங்கள் அந்த வேலையை அவிழ்த்துவிட்டு முதலிலிருந்து செய்வோம்.

கூரை ஏரியல் மாற்றுவது இந்தத் தொழிலில் ஒரு வேலையே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். பழைய தண்டை இடப்பக்கமாகத் திருகினால் கழன்று வந்துவிடும். புதிய தண்டை வலப்பக்கமாகத் திருகினால் ஏறிவிடும். மரை பொருந்தினால் போதும், டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். கனி பாயிடம் அது அரை நாள் வேலை. முதலில் பழைய ஏரியலோடு ரேடியோவைப் போட்டு, வண்டிக்காரரையும் உட்கார வைத்துக் கேட்பார். இருந்தது எப்படி இருந்தது என்று தெரியாமல், வந்தது எப்படி வந்தது என்று எதை வைத்துச் சொல்வது என்பார். பிறகு தண்டைக் கழற்றி மரையில் துரு இருக்கிறதா என்று பார்ப்பார். அதோடு விடமாட்டார். உள்ளே கூரைத் துணியை மெதுவாக இறக்கி, ஏரியலின் அடிக்கட்டை கூரைத் தகரத்தோடு நன்றாக ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவுவார். அந்த இடத்தில் பெயின்ட் இருந்தால் சுரண்டச் சொல்வார். தகரம் பல்லிளிக்க வேண்டும், அப்போதுதான் எர்த் பிடிக்கும். சுரண்டிய இடம் துருப்பிடிக்காமல் இருக்கக் கொஞ்சம் கிரீஸ். மேலே ரப்பர் வாஷர். அதன் மேல் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி, உள்ளே ஒழுகுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கூரைத் துணியை ஏற்றுவோம்.

இவ்வளவும் ஆன பிறகுதான் அந்தக் கேள்வி வரும். "எங்க நின்னு கேப்பீங்க?"

பட்டறை வாசலில் ரேடியோ நன்றாகத்தான் எடுக்கும். அதை வைத்து வண்டியை ஒப்படைப்பது அவருக்கு ஆகாது. அகரத்துக்காரர் என்றால் அகரம் வரை போய் அவர் வயல் வரப்பில் நிறுத்திக் கேட்போம். செம்பட்டிக்காரர் என்றால் முக்கு ரோட்டில் அவர் கடை முன்னால் நிறுத்திக் கேட்போம். ஊரில் கிறுக்கு பாய் என்று சிலர் சொன்னது எங்கள் காதிலும் விழுந்தது. அவர் காதிலும் விழுந்திருக்கும், எந்தக் காது என்றுதான் தெரியாது.

நீளமான ஏரியலை எடுத்துவிட்டுக் குட்டையாகப் போடச் சொல்லி வருகிறவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருக்கும். மலைக்குப் போய் வந்த வண்டி என்றால் குரங்கு தொங்கி வளைத்திருக்கும். முகூர்த்த மாதம் முடிந்தால் கல்யாண வண்டிகள் வரும். பூக்காரர்கள் பானெட்டிலிருந்து சரம் இழுத்து ஏரியல் நுனியில் கட்டி, அங்கிருந்து டிக்கிக்கு இறக்குவார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். கல்யாணம் முடிந்து சரத்தை அறுக்காமல் ஒரே இழுப்பாக இழுப்பார்கள், ஏரியல் கையோடு வந்துவிடும். பேகம்பூரில் ஒரு தோல் வியாபாரி, ஏரியலே வேண்டாம், மீன் துடுப்பு மாதிரி ஒன்று இருக்கிறதே அதை ஒட்டுங்கள் என்று கொண்டு வந்தார். அது வெறும் பிளாஸ்டிக், உள்ளே ஒரு கம்பிகூட இல்லை என்று பாய் சொல்லிப் பார்த்தார். அவர் கேட்கவில்லை. வேறு எங்கோ ஒட்டிக்கொண்டு போனவர், ஒரு மாதம் கழித்து ரேடியோ பழுதாகிவிட்டது என்று எங்களிடமே வந்தார். கனி பாய் கண்ணாடியைத் துடைத்தார். வேறு என்ன செய்வது.

குட்டை ஏரியலின் சங்கதி எளிதுதான். நீளமான கம்பியைச் சுருள் சுருளாகச் சுற்றி உள்ளே அடைத்திருப்பார்கள். சுருட்டிய கம்பி, நிமிர்ந்து நிற்கிற கம்பி அளவுக்கு எடுக்காது. ஊருக்குள் வித்தியாசம் தெரியாது. அலை மெலிந்து வருகிற இடத்தில்தான் தெரியும். நம் பக்கத்தில் எல்லோரும் கேட்பது மலை மேல் இருக்கிற நிலையத்தைத்தான். அதில் ஒரு வேடிக்கை உண்டு. திண்டுக்கல்லில் அது பளிச்சென்று எடுக்கும். மலைக்குப் பக்கத்தில் இருக்கிற கன்னிவாடியில் சிரமப்படும். மலை அடிவாரத்தில் நிற்கிறவனுக்கு மலை உச்சி தெரியாது, முன்னால் இருக்கிற சரிவு மறைத்துவிடும். அலைக்கும் அதே கதைதான்.

கன்னிவாடி வேலுச்சாமி முதல் தடவை வந்தபோது எனக்கு வேலையில் நல்ல பழக்கம் ஆகியிருந்தது. வண்டிகளின் ஏரியல் வேலை முழுக்க என் பொறுப்பில் இருந்தது. அவர் தென்னையும் முருங்கையும் போட்டிருக்கிற விவசாயி. அறுபது தாண்டிய வயது, வெட்டிப் பேச்சு இல்லாத ஆள். வெள்ளை நிற மாருதி, பழசுதான், ஆனால் துடைத்து வைத்த குத்துவிளக்கு மாதிரி இருந்தது. கூரையில் முழ நீளத்துக்கு மேல் ஏரியல். அதன் நுனி வளைந்து, நடுவில் உரசிய தடம் இருந்தது. கார் நிறுத்துகிற கொட்டகையைத் திருப்பூரில் இருக்கும் மகன் புதிதாகப் போட்டுக் கொடுக்கிறான், சட்டம் தணிவாகிவிட்டது, உள்ளே விடும்போதெல்லாம் ஏரியல் இரும்புச் சட்டத்தில் இடிக்கிறது, குட்டையாக ஒன்று மாட்டுங்கள் என்றார். நான் எல்லாம் முறைப்படி செய்தேன். பேட்டரியைச் சோதித்தபோது அது அசல் புதுசு மாதிரி இருந்தது. தினமும் செத்த நேரம் இன்ஜினை ஓட்டி வைப்பேன் என்றார். இப்படி ஒரு வண்டிக்காரர் கிடைத்தால் நாங்கள் எல்லாம் பட்டறையை மூட வேண்டியதுதான் என்று சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

கனி பாய் வந்து வலது தோளைத் திருப்பி நின்று, எங்கே நின்று கேட்பீர்கள் என்று கேட்டார். வேலுச்சாமி கொஞ்சம் தயங்கினார்.

"ரோட்டுல போறப்பத்தான் பாய். வேற எங்க கேக்கப்போறேன்."

சரி என்று பழனி ரோட்டில் ரெட்டியார்சத்திரம் வரைக்கும் ஓட்டிப் பார்த்தோம். வழி முழுக்கத் தெளிவாக எடுத்தது. அவரும் சம்மதித்து வண்டியை எடுத்துக்கொண்டு போனார். கழற்றிய ஏரியலை நான் நிமிர்த்தி, ஒரு அட்டையில் அவர் பெயரை எழுதிக் கட்டி, சுவரில் ஆணியில் மாட்டினேன். கழற்றியதை உடனே தூக்கிப் போடக் கூடாது என்பதும் பாயின் சட்டம்.

ஒரு வாரம் ஆகியிருக்காது, வேலுச்சாமி திரும்ப வந்து நின்றார். முகம் வற்றியிருந்தது. ஏரியல் சரியில்லை, ஒன்றுமே எடுக்கவில்லை, ஒரே இரைச்சல் என்றார். நான் ரேடியோவைப் போட்டேன், கணீர் என்று பாடியது. அவர் அதைக் கேட்டுவிட்டு, இங்கே பாடுகிறது, அங்கே பாடவில்லை என்றார். அங்கே என்றால் எங்கே என்று கேட்டேன். அவர் குட்டை ஏரியலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். கனி பாய் செய்துகொண்டிருந்த வேலையை வைத்துவிட்டு வந்தார்.

"அண்ணே, நீங்க எங்க நின்னு கேக்குறீங்கன்னு அன்னிக்கு எங்ககிட்ட சொல்லல" என்றார். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. பேட்டரியில் தண்ணீர் இல்லை என்று சொல்கிற அதே குரல்தான்.

வேலுச்சாமி காரின் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு எங்கள் இருவரையும் உள்ளே உட்காரச் சொன்னார். பட்டறையில் வேறு ஆட்கள் இருந்தார்கள். பாய் முன் இருக்கையில், நான் பின்னால். ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, எங்களைப் பார்க்காமல் சொன்னார்.

"அந்த ரேடியோவுல எம் மக பேசுறா பாய்."

அவர் ஒரே மகள் நாகலட்சுமி, வீட்டைக் கேட்காமல் தனக்குப் பிடித்தவரைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். அன்றைக்கு வாசலில் கூடிய சொந்தக்காரர்கள் முன்னால் இவர்தான் சொல்லியிருக்கிறார், இனி அவள் சத்தம் இந்த வீட்டுக்குள் கேட்கக் கூடாது என்று. அவர் மனைவி பஞ்சவர்ணம் அதற்குப் பிறகு மகள் பெயரை எடுக்கவே இல்லை. வருடக்கணக்கில் அப்படியே போய்விட்டது. ஒரு நாள் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் முருங்கையை இறக்கிவிட்டு இவர் தனியாக வந்துகொண்டிருந்தபோது, ரேடியோவில் காய்கறி விலை சொன்ன பெண் கடைசியில் தன் பெயரைச் சொன்னாள். இவர் வண்டியை ஓரங்கட்டிவிட்டு வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருக்கிறார். அன்றிலிருந்து காலையில் அவள் பேசுகிற நேரத்துக்குக் கொட்டகையில் போய்க் காருக்குள் உட்கார்ந்து, கதவைச் சாத்தி, மெதுவாக வைத்துக் கேட்கிறார். மனைவியிடம், பேட்டரி இறங்கிவிடும், இன்ஜினை ஓட்டி வைக்க வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறார்.

பேட்டரி புதுசாக இருந்த ரகசியம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. வீட்டுக்குள் கேட்கக் கூடாது என்றுதானே சொன்னார். கொட்டகை வீட்டுக்கு வெளியே, காருக்கோ நாலு கதவு. மனுஷன் வக்கீல் மாதிரி தன் வாக்கைக் காப்பாற்றியிருக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

போனில் கேட்கலாமே என்று இந்தக் காலத்துத் தம்பிகள் சொல்வார்கள். அவரிடம் இருந்தது பட்டன் போன். இயர்போன் ஒயர்தான் அதற்கு ஏரியல். கன்னிவாடியில் அதில் வருவது இரைச்சல் மட்டும்தான். அவருக்கு இந்தக் காரை விட்டால் வேறு வழி இல்லை.

"ஒரு வாரமா அவ சத்தம் கேக்கல. இந்த ஏரியல மாத்துன அன்னிக்கே போச்சு. நீங்க பழையபடி பண்ணிக் குடுங்க, இடிச்சா இடிச்சிட்டுப் போகுது" என்றார்.

கொட்டகை முன்னால் எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது என்று மட்டும் பாய் கேட்டார். முன்னால் தென்னங்கீற்று, இப்போது மேலேயும் மூன்று பக்கமும் தகரம், ஏரியல் மாற்றிய அன்றைக்குத்தான் தகரம் அடித்து முடித்தார்கள் என்று வேலுச்சாமி சொன்னார். பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நாளைக் காலையில் வருகிறோம், அவள் பேசுகிற நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிடுகிறோம் என்றார்.

மறுநாள் நாங்கள் இருவரும் பாயின் பழைய வேனில் போனோம். வீடு ஊருக்கு வெளியே, தோப்பை ஒட்டி இருந்தது. பின்னால் மலை எழும்பி நின்றது. வீட்டுக்குப் பக்கவாட்டில் தகரக் கொட்டகை. கொட்டகை வாசலுக்கும் அடுப்படி ஜன்னலுக்கும் இடையில் நாலு எட்டு வைத்தால் முடிகிற முற்றம்தான். ஜன்னலுக்குள் வெங்காயம் தாளிக்கிற வாசம் வந்தது. அடுப்படியில் இருந்த பஞ்சவர்ணம் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, வாங்கண்ணே, காபி போடவா என்று பாயைக் கேட்டார். இருக்கட்டும்மா, பேட்டரி வேலைதான், இப்ப முடிந்துவிடும் என்று வேலுச்சாமி குறுக்கே புகுந்து சொன்னார். பாய் அவரை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான்.

அவள் பேசுவதற்கு இன்னும் நேரம் இருந்தது. பாட்டுப் போய்க்கொண்டிருந்திருக்க வேண்டும், கொட்டகைக்குள் எங்களுக்குக் கிடைத்தது இரைச்சல்தான். வேனிலிருந்து பழைய நீள ஏரியலை எடுத்து வந்தேன். கூரை இடிக்காமல் இருக்கச் சாய்த்துப் பிடித்து மாட்டினேன். இரைச்சலுக்கு நடுவே ஒரு வயலின் தலைகாட்டிவிட்டுப் போனது. சிக்னலைக் கூட்டித் தருகிற பூஸ்டர் ஒன்றும் கொண்டு போயிருந்தோம். அதையும் இணைத்துப் பார்த்தேன். அது இரைச்சலையும் சேர்த்துக் கூட்டிக் கொடுத்தது. பாய் என்னை நிறுத்தச் சொல்லிவிட்டு, கூரைத் தகரத்தில் விரல் முட்டியால் தட்டினார்.

"ஏரியல் மேல குத்தம் இல்லண்ணே. நீளமோ குட்டையோ, இந்தப் பெட்டிக்குள்ள எதுவும் வராது. நீங்க ரெண்டையும் ஒரே நாள்ல மாத்துனதால ஏரியல்னு நெனச்சுட்டீங்க. கீத்துக்குள்ள வந்தது தகரத்துக்குள்ள வராது."

வேலுச்சாமி கூரையைப் பார்த்தார். மகன் செலவழித்துப் போட்ட தகரம். அதைப் பிரிக்கச் சொன்னால் ஏன் என்று கேட்பான், என்ன சொல்வது? அப்போ என்ன செய்ய என்று கேட்டார். வண்டியை முற்றத்துக்கு எடுத்தால் போதும், குட்டை ஏரியலிலேயே எடுக்கும் என்று நான் சொன்னேன். அவர் அடுப்படி ஜன்னலைப் பார்த்தார்.

"அங்க வச்சா அவளுக்குக் கேட்டுருமே."

அதற்கு எங்களிடம் கருவி எதுவும் இல்லை. எனக்குத் தெரிந்த யோசனைகளை எல்லாம் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். தோப்புக்குள் கொண்டு போய் நிறுத்தலாம், தினமும் பேட்டரிக்காகத் தோப்புக்குள் போகிறேன் என்றால் யார் நம்புவார்கள்? ரோட்டுக்குப் போகலாம், அங்கே ஊர்க்கண். நான் வாயைத் திறக்கப் போனேன், பாய் என் முழங்கையைத் தொட்டு நிறுத்தினார்.

"வண்டி எங்க நின்னா எடுக்கும்னு எனக்குத் தெரியும், சொல்லிட்டேன். எங்க நிக்கணும்னு நீங்கதாண்ணே சொல்லணும்" என்றார்.

அவள் பேசுகிற நேரம் நெருங்கிவிட்டது. வேலுச்சாமி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார், மறுபடியும் துடைத்தார். வேண்டாம் என்று சொல்லப்போகிறார் என்றுதான் நான் நினைத்தேன். அவர் என் கையிலிருந்த சாவியை வாங்கிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். நான் அவசரமாக நீள ஏரியலைக் கழற்றிக் குட்டையை மாட்டினேன். வண்டி மெதுவாக முற்றத்துக்கு நகர்ந்து, அடுப்படி ஜன்னலுக்கு நேராக நின்றது. இன்ஜினை அணைத்தார். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு காலை வெளியே போட்டு உட்கார்ந்தார். ரேடியோவில் இரைச்சல் இல்லை. பாட்டு முடிந்து ஒரு பெண் குரல் வணக்கம் சொன்னது.

மெதுவாகத்தான் கேட்டது. பக்கத்தில் நின்ற எனக்கு நன்றாகக் கேட்டது. பாய் வண்டிக்கு அந்தப் பக்கம், கூரையில் ஒரு கையை வைத்துக்கொண்டு, வலது காதைச் சாய்த்துக்கொண்டு நின்றார். வேலையை ஒப்புக்கொள்ளும் முன் இப்படி நின்று கேட்பதுதான் அவர் வழக்கம். கேட்காமல் ஒரு நாளும் தலையாட்டமாட்டார்.

"எனக்குப் பத்தலண்ணே. செத்தக் கூட்டுங்க."

வேலுச்சாமி அவரைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், ரேடியோ மேல் கையை வைத்தார். அந்தக் குமிழை நான் எத்தனையோ வண்டிகளில் திருகியிருக்கிறேன். அவ்வளவு பாரமான குமிழை நான் பார்த்ததில்லை. அவர் திருகினார். முருங்கைக்காய் வரத்து குறைந்திருக்கிறது, விலை ஏறியிருக்கிறது என்று மகள் சொன்ன செய்தி முற்றம் முழுக்கக் கேட்டது.

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது.

பஞ்சவர்ணம் கையில் கரண்டியோடு வாசலைத் தாண்டி வந்து நின்றார். எங்களைப் பார்க்கவில்லை. கணவரையும் பார்க்கவில்லை. ரேடியோ இருக்கிற திசையைத்தான் பார்த்தார். தக்காளி, வெங்காயம், கத்தரிக்காய் என்று விலை வரிசையாக வந்துகொண்டிருந்தது. அந்தம்மாள் அழுவார், இல்லை அந்த மனுஷனைத் திட்டுவார் என்று எதிர்பார்த்து நான் ஒதுங்கி நின்றேன்.

"சளி புடிச்சிருக்கு அவளுக்கு" என்றார்.

ஒரு மகள் தும்மினால் தாய்க்கு எங்கிருந்தாலும் தெரியும் போல. எனக்கு அந்தக் குரல் சுத்தமாகத்தான் கேட்டது. காய்கறி விலை முடிந்து மறுபடி பாட்டு வந்த பிறகுதான் பஞ்சவர்ணம் கணவர் பக்கம் திரும்பினார்.

"எத்தன நாளா?"

"ஆரம்பத்துலருந்தே" என்றார் வேலுச்சாமி.

"பேட்டரி பேட்டரின்னு சொல்லிட்டு, இம்புட்டு நாளா நீங்க மட்டும் கேட்டுக்கிட்டு இருந்தீகளா?"

அந்தக் கேள்வியை நான் இன்னும் மறக்கவில்லை. வாக்கை மீறிவிட்டீர்களே என்று அவர் கேட்டிருந்தால் வேலுச்சாமியிடம் ஒரு பதில் இருந்திருக்கும், வருடக்கணக்காக அந்தப் பதிலைத் தயாராக வைத்திருந்திருப்பார். இதற்குப் பதில் இல்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டார். பஞ்சவர்ணம் வண்டியைச் சுற்றி மறுபக்கம் வந்து, கரண்டியோடேயே முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்துகொண்டார். அடுப்பில் வெங்காயம் தீய்ந்த வாசம் வந்தது. அதை அணைக்க யாரும் போகவில்லை. கடைசியில் நான்தான் போய் அணைத்தேன்.

திரும்பி வருகிற வழியில் வேனைக் கனி பாய்தான் ஓட்டினார். அவருக்கு அந்தக் குரல் முதலிலேயே கேட்டிருக்குமோ என்று எனக்கு ஒரு சந்தேகம். கேட்டும் கேட்காதது மாதிரிக் கூட்டச் சொல்லியிருப்பாரா? கேட்டுப் பார்த்தேன். எனக்கு ஒரு காதுதானே முத்து என்றார். அதிலிருந்து ஒன்றும் எடுக்க முடியவில்லை. ரெட்டியார்சத்திரம் தாண்டியபோதுதான் தானாக ஒன்று சொன்னார். அந்த நீள ஏரியலைத் தூரப் போட்டுவிடாதே, மறுபடி ஆணியிலேயே மாட்டு, கேட்டு வருவார் என்றார்.

அவர் சொன்னபடியே மழைக்காலம் முடிகிற சமயத்தில் வேலுச்சாமி வந்தார். வெள்ளை மாருதியின் கூரையில் வெயில் பட்டுப் பட்டு மினுமினுப்புப் போயிருந்தது. முன் இருக்கையில் ஒரு பழைய சேலை நாலாக மடித்துக் கிடந்தது. தகரக் கொட்டகையில் இப்போது தேங்காய் மட்டையும் உரமூட்டையும்தான் கிடக்கின்றன, வண்டி முற்றத்திலேயே நிற்கிறது, இனி இடிக்க ஒன்றும் இல்லை, பழையதையே மாட்டிக் கொடுங்கள் என்றார். நான் ஆணியிலிருந்து எடுத்து அவர் பெயர் அட்டையை அவிழ்த்தேன். மகள் வந்து போகிறாளா என்று கேட்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே குட்டையைக் கழற்றினேன். அவராகவே சொல்ல ஆரம்பித்தார்.

இன்னும் வரவில்லையாம். திருப்பூர் மகனிடம் நம்பர் வாங்கி அவள் அம்மா தினமும் சாயங்காலம் போனில் பேசுகிறாராம். போனை ஸ்பீக்கரில் போட்டு நடுவில் வைத்துவிடுவாராம், இவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பாராம். நீங்கள் பேசவில்லையா என்றேன்.

"ரேடியோன்னா அவ பாட்டுக்குப் பேசுவா, நான் பாட்டுக்குக் கேப்பேன். நம்ம இருக்கமா இல்லையான்னு அதுக்குத் தெரியாது. போன் அப்படி இல்லையே தம்பி" என்றார். கொஞ்ச நேரம் நான் மரையைத் திருகுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். "நேத்து அவ கேட்டுப்புட்டா. அப்பா பக்கத்துல இருக்காரான்னு."

ஏரியல் இறுகிவிட்டது. இருந்தாலும் நான் கையை எடுக்கவில்லை. என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"இருக்கேன்னு சொன்னேன்" என்றார். சொன்னது எனக்கே சரியாகக் கேட்கவில்லை, அவ்வளவு மெதுவாகச் சொன்னார்.

கனி பாய் பட்டறையின் அந்தக் கோடியில் ஒரு டைனமோவைப் பிரித்துக்கொண்டிருந்தார். அங்கிருந்தே, அண்ணன் என்ன சொல்கிறார் என்று என்னைக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் வேலுச்சாமி நிமிர்ந்து, அவருடைய நல்ல காதுப் பக்கமாக இரண்டு எட்டு நடந்து போய், வேலை செய்துகொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி சொன்னார்.

"இருக்கேன்னு சொன்னேன் பாய்."